தப்பு என் மேலதான்

இஞ்ச் மாஸ்டர் தைத்த சட்டை யாருக்கும் சிறியதாகப் போனது கிடையாது. போனால், போட்டவர் பெருத்துவிட்டார் என்று அர்த்தம். ஆனால் அதை மாஸ்டர் வாயால் யாரும் கேட்டதில்லை. ஒருவர் சட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் எறிந்து, மூச்சு விட முடியவில்லை என்று முறைத்தால், மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பக்கத் தையலை விரலால் தடவுவார். உள்ளே ஒரு இஞ்ச் துணி மடிந்து கிடக்கும். எந்த உடுப்பானாலும் பிரித்துப் பெரிதாக்க அந்த ஒரு இஞ்ச்சை விட்டுவைப்பார். பட்டப்பெயர் வந்த வழி அதுதான். பிறகு நிமிர்ந்து, "தப்பு என் மேலதான் சார். அளவு எடுக்கறப்போ கவனிக்கல. சாயங்காலம் வாங்க" என்பார். நாலு மாதத்தில் தொப்பை எங்கிருந்து வந்தது என்று வந்தவருக்கும் தெரியும், மாஸ்டருக்கும் தெரியும். சாயங்காலம் சட்டை சரியாக இருக்கும். அடுத்த துணியும் அந்தக் கடைக்கே வரும்.

இந்த வார்த்தை அவருக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. கடை போட்ட புதிதில் ஒரு பேக்கரிக்காரரிடம், அளவு சரிதான், நீங்கள்தான் பெருத்துவிட்டீர்கள் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தார். பேக்கரிக்காரர் சட்டையை எடுத்துக்கொண்டு போனார். அவரோடு அவர் தம்பிமார் மூன்று பேர், மாமனார், மாமனாரின் சகலை என்று ஒரு குடும்பமே எதிர்ச்சாரியில் இருந்த கடைக்கு மாறிவிட்டது. ஒரு உண்மைக்கு ஆறு வாடிக்கைக்காரர்கள். அதற்கப்புறம் மாஸ்டர் அந்தத் தவறைச் செய்யவில்லை.

முப்பத்தொரு வருஷம் சொன்னால் எந்த வார்த்தைதான் நாக்கில் ஒட்டிக்கொள்ளாது? கரண்ட் போனால் சொல்வார். வாடிக்கைக்காரர் தன் குடையை மறந்துவைத்துவிட்டுத் திரும்பி வந்தால் சொல்வார். ஒருவர் ஷூ காலோடு அவர் சுண்டுவிரலை மிதித்துவிட்டபோதுகூட, வலியில் கண்ணில் நீர் முட்ட, "தப்பு என் மேலதான்" என்றார். மிதித்தவர் பெருந்தன்மையாகப் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் எலி, வெளியில் புலி என்று சில ஆண்பிள்ளைகளைச் சொல்வார்கள். மாஸ்டர் அதை உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பித் தைத்துக்கொண்டவர். வீட்டில் டீ ஆறியிருந்தால் அது மனைவி தப்பு. மகள் கணக்கில் மார்க் குறைந்தால் அதுவும் மனைவி தப்பு. அவரே தொலைத்த சாவிக்கும், "நீ எங்க வச்சே?" என்பதுதான் கேள்வி. கடையில் அவ்வளவு தாராளமாகச் செலவான வார்த்தை வீட்டுக்கு வந்துசேரும்போது தீர்ந்துபோயிருக்கும் போல. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அது அந்த வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

அந்த மனைவியை எல்லோரும் மாஸ்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கடையின் பின்பக்கம், ஜன்னலுக்குக் கீழே ஒரு முக்காலியில் உட்கார்ந்து பட்டன் துளைக்குக் காஜா எடுப்பாள், பட்டன் வைப்பாள், பேண்ட் ஓரம் மடித்துத் தைப்பாள். அவள் எடுத்த காஜாவில் நூல் பிரிந்தது என்று யாரும் திரும்பி வந்ததில்லை. துணி வெட்டுவது மட்டும் மாஸ்டர் வேலை. அந்தப் பெரிய கத்தரிக்கோலை வேறு யாரும் தொடக்கூடாது.

மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது மாஸ்டரம்மா ஒரு காரியம் செய்தாள். மிச்சம் விழுந்த பூப்போட்ட துணியில், சின்னக் கத்தரிக்கோலால், யாரிடமும் கேட்காமல், மகளுக்கு ஒரு கவுன் வெட்டினாள். கையாலேயே ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டுவந்து மாஸ்டர் முன்னால் நீட்டினாள். நன்றாக இருந்தால் தனக்கும் வெட்டச் சொல்லிக்கொடுக்க வேண்டும், குழந்தைத் துணிகளைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். கடையில் அப்போது இரண்டு வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள். மாஸ்டர் கவுனை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். "கைக்குழி ரெண்டும் ரெண்டு திசையில பாக்குது. வெட்டறதுன்னா என்ன, வெங்காயம் நறுக்கற மாதிரின்னு நெனச்சியா?" என்றார். வாடிக்கைக்காரர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததும் மாஸ்டருக்குக் கொஞ்சம் குஷி கிளம்பிவிட்டது. ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்த தையல் மெஷினின் காலுக்கு அடியில் அந்தக் கவுனை நாலாக மடித்துக் கொடுத்து, மெஷினை ஆட்டிப் பார்த்து, இப்போதுதான் உருப்படியாக ஒன்றுக்குப் பயன்பட்டது என்றார். மறுபடியும் சிரிப்பு.

மாஸ்டரம்மா முக்காலிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு மிச்சமிருந்த காஜா முழுவதையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அதற்குப் பிறகு வெட்டுவதைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை. ஆனால் எட்டொன்பது வருஷம் கழித்து வேறு இரண்டு கடைகளிலிருந்து காஜா வேலை வாங்கிச் செய்ய ஆரம்பித்தாள். அந்தக் கூலியைத் தனியாக வங்கியில் போட்டாள். எதற்கென்று மாஸ்டர் கேட்டபோது, துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஒன்றும் சின்னதாக ஒரு கடையும் என்றாள், குழந்தைகள் துணிக்கு, வெட்டத் தெரிந்த ஒரு பெண்ணை வேலைக்கு வைத்துக்கொண்டு. மாஸ்டர் அதையும் விடவில்லை. முதலாளியம்மா வருகிறார்கள், எழுந்து நில்லுங்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கிண்டல். பதினோரு வருஷம் அந்தக் கிண்டலும் நடந்தது, அந்தச் சேமிப்பும் நடந்தது.

விபத்து நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. நேர்முகத் தேர்வுக்குப் போகிற ஒருவருக்குக் கோட்டு கொடுக்க வேண்டியிருந்தது. கோட்டைக் கவரில் போட்டுச் சைக்கிள் கேரியரில் மடங்காமல் வைத்து, மாஸ்டர் சாலை ஓரமாகத்தான் போனார். இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம், ஓரமாகத்தான் போனார். பக்கத்திலேயே வந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக் கார், பெட்ரோல் பங்குக்குள் நுழைவதற்காக, சிக்னல் விளக்குப் போடாமல் சட்டென்று அவர் குறுக்கே திரும்பியது. சைக்கிள் கார்க் கதவில் மோதிச் சாய்ந்தது. மாஸ்டரின் வலது மணிக்கட்டு ஹேண்டில்பாருக்கும் நடைபாதைக் கல்லுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது.

காரை ஓட்டியவர் இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது. பயத்தில் மனிதர்கள் முதலில் செய்கிற காரியத்தைத்தான் அவரும் செய்தார், கோபப்பட்டார். கார் திரும்புவதைப் பார்க்க வேண்டாமா என்றார். மாஸ்டர் தரையில் கிடந்தபடி கோட்டைத் தேடினார். அது கவரோடு சேற்றில் கிடந்தது. எதிரே நின்றவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு கோபமாக இருந்தார். முப்பத்தொரு வருஷமாக அப்படி நிற்கிற ஆளுக்கு மாஸ்டரிடம் ஒரே பதில்தான் உண்டு.

"மன்னிச்சுக்குங்க சார். தப்பு என் மேலதான்."

காருக்குள் ஓட்டியவரின் மச்சான் இருந்தார். விவரமான ஆள். உள்ளே இருந்தபோதே போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்து, அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். பக்கத்தில் வந்து குனிந்து, "என்ன சொன்னீங்க பெரியவரே? சரியா கேக்கல" என்றார். காது கேட்காத வாடிக்கைக்காரர்களும் மாஸ்டருக்குப் பழக்கம்தான். சற்று உரக்க, திருத்தமாக, இன்னொரு தடவை சொன்னார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது மழைக்குத்தான் கத்தும்.

மணிக்கட்டு எலும்பு நாலு துண்டாகியிருந்தது. தட்டு வைத்து ஒரு ஆபரேஷன், கட்டைவிரல் நரம்புக்கு இன்னொரு ஆபரேஷன், அப்புறம் மாதக்கணக்கில் கைப்பயிற்சி. ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டபோது மாஸ்டரம்மா வங்கிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். பதினோரு வருஷச் சேமிப்பு பதினேழு நாளில் தீர்ந்தது. ஒவ்வொரு ரசீதையும் அவள் நீவி மடித்துத் துணிப்பை ஒன்றில் போட்டுவைத்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பார்க்க வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். மாஸ்டருக்குத் தலையைவிடக் கைதான் முக்கியம் என்று அவர்களுக்கு யார் சொல்வது? மூன்றாம் மாதம் டாக்டர் சொல்லிவிட்டார்: இந்தக் கை சாப்பிடும், கையெழுத்துப் போடும், பெரிய கத்தரிக்கோலைப் பிடித்து அழுத்தாது.

செலவைத் திரும்பக் கேட்டு, கார்க்காரரின் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதினார்கள். பதில் ஒரே பக்கத்தில் வந்தது. விபத்துக்குத் தாமே காரணம் என்று பாதிக்கப்பட்டவர் சம்பவ இடத்திலேயே இருமுறை ஒப்புக்கொண்டிருப்பதால் கம்பெனி எதுவும் கொடுக்கக் கடமைப்பட்டதல்ல. இருமுறை என்பதற்குக் கீழே கோடு போட்டிருந்தார்கள்.

மாஸ்டரம்மா அதை இரண்டு தடவை படித்தாள். "இதையா சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மாஸ்டர், தண்ணீர் கொண்டுவா என்றார்.

கடையில் பத்துப் பேரின் துணி வெட்டாமல் கிடந்தது. ஒருநாள் மாஸ்டரம்மா கேட்டாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆனபின் இரண்டாவது தடவையாகக் கேட்டாள். "நீங்க பக்கத்துல உக்காந்து கோடு எங்க வரணும்னு சொல்லுங்க. நான் வெட்டறேன்." இந்த நிலைமையிலாவது சரியென்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன் என்று இதைக் கேட்கிற யாருக்கும் தோன்றும். மாஸ்டருக்குத் தோன்றவில்லை. ஊரான் துணி பாழாய்ப்போனால் யார் பதில் சொல்வது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு, எங்கிருந்தோ ஒரு கட்டிங் ஆளைச் சம்பளத்துக்குப் பிடித்துவந்தார். அந்த மகானுபாவன் இரண்டு வாரத்தில் நாலு பேண்ட்டைப் பாழாக்கிவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேர்ந்தான். நாலு பேரிடமும் மாஸ்டர் வழக்கமான வார்த்தையைத்தான் சொன்னார். அந்த ஒரு சமயம் அது உண்மை. கேட்டவர்கள் வழக்கம்போலத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கடை சாத்தியே கிடக்க ஆரம்பித்தது. மாஸ்டரம்மா ஒரு ரெடிமேட் கம்பெனியிலிருந்து சட்டைகளை மூட்டையாக வாங்கிவந்து வீட்டில் பட்டன் வைத்தாள். ஒரு சட்டைக்கு இவ்வளவு என்று கூலி. நஷ்டஈட்டுக் கோரிக்கையைக் கைவிடவும் அவள் தயாராக இல்லை. மாஸ்டரிடம் கறுப்புக் கோட்டு தைத்துக்கொண்ட இளம்பெண் ஒருத்தி வக்கீலாக இருந்தாள். துணிப்பையைத் தூக்கிக்கொண்டு மாஸ்டரம்மா அவளிடம் போனாள். வக்கீலம்மா இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பியிருந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தாள், நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். கார் தப்பாகத் திரும்பியதற்குப் பெட்ரோல் பங்கில் வேலை செய்கிறவர் சாட்சி இருக்கிறார், ஆனால் இவரே இப்படிச் சொல்லியிருக்கும்போது பாதிக்குமேல் வெட்டிவிடுவார்கள் என்றாள். ஒரு வழிதான் தெரிந்தது. விழுந்த அதிர்ச்சியில் நினைவு தப்பியிருந்தது, என்ன பேசினேன் என்று தெரியாது என்று சொல்ல வேண்டும். மாஸ்டர் ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று அதைச் சொல்லிப் பழகினார். மாஸ்டரம்மா பட்டன் வைத்துக்கொண்டே கேட்டாள், விட்ட இடத்தில் எடுத்துக்கொடுத்தாள்.

பதினாறு மாதம் கழித்து விசாரணை வந்தது. நஷ்டஈட்டு மன்றம் என்பது ஒரு நீள அறை. இரண்டு மின்விசிறிகளில் ஒன்று சுற்றும். மாஸ்டரம்மா பின்வரிசை பெஞ்சில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாஸ்டர் கூண்டில் ஏறினார். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் உயரமான மனிதர், குரலும் உயரம். வீடியோவை எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். அறை முழுக்க மாஸ்டரின் குரல் இரண்டு தடவை கேட்டது.

"இதைச் சொல்றப்போ உங்களுக்கு நினைவு இருந்துதா?"

கண்ணாடி முன்னால் பழகியதெல்லாம் வாய்வரை வந்தது. மாஸ்டர் வாயைத் திறந்தார். "இருந்துச்சு சார். கோட்டு எங்க விழுந்துச்சுன்னு தேடினேன்" என்றார்.

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அப்புறம் நடந்தது, போட்ட தையலைக் கம்பெனி வக்கீல் ஒவ்வொரு நூலாக உருவுவதுதான். நினைவோடு சொன்னீர்கள், அப்படியானால் அது உண்மைதானே என்றார். இல்லை சார், அது சும்மா சொல்வது, கடையில் தினமும் சொல்வேன் என்றார் மாஸ்டர். உங்கள் தப்பு இல்லாதபோதும் சொல்வீர்களா என்றார். சொல்வேன் என்றார். அப்படியானால் தினமும் பொய் சொல்கிற ஆள் நீங்கள், இன்றைக்கு இங்கே சொல்வது எந்த வகை என்று கேட்டார். முப்பத்தொரு வருஷ மரியாதைக்குப் பொய் என்று ஒரு பெயர் இருப்பது மாஸ்டருக்கு அப்போதுதான் தெரிந்தது.

வெற்றி கிடைத்த உற்சாகத்தில் கம்பெனி வக்கீல் நடுவர் பக்கம் வீசித் திரும்பினார். அவர் கோட்டின் கை முக்கால் இஞ்ச் நீளம். அதை மாஸ்டர் முதலிலேயே கவனித்திருந்தார். அந்தக் கை மேஜையிலிருந்த ஃபைலில் மாட்டி, காகிதமெல்லாம் தரையில் கொட்டியது. யாரும் அசைவதற்குள் மாஸ்டர் கூண்டைவிட்டு இறங்கிவிட்டார். குனிந்து, விறைத்த வலது கையை வயிற்றோடு வைத்துக்கொண்டு, இடது கையால் காகிதங்களைப் பொறுக்கி, தட்டி, வக்கீலிடம் நீட்டினார்.

"மன்னிச்சுக்குங்க சார். தப்பு என் மேலதான்."

முதலில் சிரித்தது டைப் அடிக்கிறவர். அப்புறம் நடுவரே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். கம்பெனி வக்கீலும் வேறு வழியில்லாமல் சிரித்தார். வக்கீலம்மா துள்ளி எழுந்து, தன் தரப்பில் இதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை என்றாள். எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று மாஸ்டருக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. புரிந்ததும் அவரும் சிரித்தார், பின்வரிசையைப் பார்த்தார். மாஸ்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு முன் மாஸ்டரைப் பொய்யன் என்று சொன்ன ஆளுக்கு அவர் குனிந்து பொறுக்கிக்கொடுத்ததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பது நாளில் தீர்ப்பு வந்தது. ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும், வேலை போனதற்கு ஒரு தொகையும் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. பத்துப் பைசா வெட்டவில்லை. வக்கீலம்மா தன் அறையில் டீ வரவழைத்து, அந்தப் பகுதியைச் சிரித்துக்கொண்டே உரக்கப் படித்தாள்: "மனுதாரர் மேற்படி சொற்களைப் பழக்கத்தினால் மட்டுமே உச்சரிக்கிறார் என்பது மன்றத்தின் முன்னிலையிலேயே தெளிவாயிற்று. அவர் வாயிலிருந்து வரும்போது இச்சொற்களுக்குப் பொருள் எதுவும் இல்லை."

மாஸ்டர் பெருமையாகத் தலையாட்டினார். மாஸ்டரம்மா அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு அந்தப் பக்கத்துக்கு ஒரு பிரதி கேட்டு வாங்கி, ரசீதுகளோடு பையில் வைத்துக்கொண்டாள்.

பணம் வருவதற்கு மேலும் இரண்டு மாதம் ஆனது. வந்த வாரத்திலேயே மாஸ்டர் கடையைக் காலி பண்ணித் தருவதாக இடத்துக்காரரிடம் சொல்லிவிட்டார். வெட்டத் தெரிந்த கை இல்லாத கடைக்கு வாடகை எதற்கு? ஒரு மத்தியானம் தனியாகப் போனார். அலமாரியைக் காலி செய்தார், அளவு நோட்டுகளைக் கட்டினார், பட்டன் டப்பாக்களை மூட்டையில் போட்டார். மெஷினை விலைக்குக் கேட்டவர் தூக்கிப்போக ஆளோடு வந்திருந்தார். தூக்கியதும் மெஷின் கால் இருந்த இடத்தில் நாலாக மடித்த துணி ஒன்று தரையோடு ஒட்டிக் கிடந்தது.

தூசியைத் தட்டிப் பிரித்தபோது மேல்பக்கம் எண்ணெய்க் கறுப்பாக இருந்தது. உள்பக்கம் பூக்கள் அப்படியே இருந்தன. என்னவென்று அவருக்கு முதலில் ஞாபகம் வரவில்லை. கழுத்தைப் பார்த்தார். வளைவு நன்றாக விழுந்திருந்தது. யார் வெட்டினது என்று தொழில்காரனாக ஒரு யோசனை ஓடி, அப்புறம்தான் சுரீர் என்றது. கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை எடுத்து, இடது கையால் தடுமாறிப் பிடித்து, இரண்டு கைக்குழியையும் அளந்தார். நாலேகால். நாலேகால். இரண்டும் ஒரே திசையில்தான் பார்த்தன. அன்றைக்கு அவர் அளந்தே பார்க்கவில்லை, பார்த்ததுகூட இல்லை. இரண்டு பேர் சிரிப்பதற்காக வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார்.

பக்கத் தையலைத் திருப்பிப் பார்த்தார். கையால் போட்ட ஓட்டுத் தையலுக்கு உள்ளே, மகள் வளர்ந்தால் பிரித்துவிடுவதற்காக, ஒரு இஞ்ச் துணி மடிந்திருந்தது.

மாஸ்டர் அளவு நோட்டு மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார். அன்று சொல்லிக்கொடுத்திருந்தால் இருபத்திரண்டு வருஷத்தில் இவள் எப்பேர்ப்பட்ட கட்டிங் மாஸ்டர் ஆகியிருப்பாள் என்று நினைத்தார். கை போன அன்றே கடையை அவள் எடுத்து நடத்தியிருப்பாள். கார்க்காரர் எடுத்தது ஒரு கைதான். இன்னொரு கை கடையிலேயே இருந்தது. அதை மெஷின் காலுக்கு அடியில் கொடுத்தது யார்? மெஷினைத் தூக்க வந்தவர்கள் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். தூசி என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போகிற வழியில் மெஷின் கடையில் நுழைந்து ஓவர்லாக் மெஷினுக்கு விலை கேட்டார். விலைச் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நடந்தபடியே என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்தார். கண்ணாடி முன்னால் பழகியதைவிட இது கஷ்டமாக இருந்தது.

மாஸ்டரம்மா ஜன்னலோரம் சட்டைக் குவியலுக்கு நடுவில் இருந்தாள். இப்போதெல்லாம் இரண்டு கண்ணாடி. ஒன்றைப் போட்டு அதன்மேல் இன்னொன்றைப் பிடித்தால்தான் ஊசியில் நூல் நுழைகிறது. மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். விலைச் சீட்டை அவள் முன்னால் வைத்தார். இந்தப் பணம் முழுவதும் உன்னுடையது, மெஷின் வாங்கிக்கொள், நாளையிலிருந்து வெட்டச் சொல்லித்தருகிறேன் என்றார். அவள் சீட்டைத் தொடவில்லை.

"இந்தக் கண்ணுக்கு பட்டன் ஓட்டையே தெரியல. சாக்பீஸ் கோடா தெரியப்போகுது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாள்.

மாஸ்டர் பையிலிருந்து கவுனை எடுத்து அவள் மடியில் வைத்தார். அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். விரல் தானாகப் பக்கத் தையலுக்குப் போயிற்று. அந்த ஒரு இஞ்ச்சைத் தடவிக்கொண்டே இருந்தாள். மாஸ்டர் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கடைசியில் ஒன்றுதான் வந்தது. அதை வாழ்க்கையில் முதல் தடவையாக, அர்த்தம் தெரிந்து, ஒவ்வொரு எழுத்தும் வலிக்கச் சொன்னார்.

"தப்பு என் மேலதான்."

மாஸ்டரம்மா நிமிர்ந்து அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். நம்ப வேண்டும் என்று அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்திருக்கும். கவுனை இருந்த மடிப்பிலேயே திரும்ப மடித்தாள்.

"அதுக்கு அர்த்தம் எதுவும் இல்லைன்னுதான் தீர்ப்புலயே எழுதியிருக்காங்களே" என்றாள்.

சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டாள். மாஸ்டர் வாயைத் திறந்தார். இது அப்படி இல்லை என்று சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வதென்று தேடினார். அவரிடம் வேறு வார்த்தை இல்லை.